மூட்டையாக நின்று பேசினேன்

என் அண்ணன் செத்த அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும் நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஹார்பரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே செட்டில் வேலை செய்தோம். கப்பலின் மேல்தட்டில் பெரிய சதுரமாக ஒரு வாய் இருக்கும். அதன் வழியாகத்தான் அடியில் இருக்கிற அறைக்குள் சரக்கு இறங்கும். வேர்க்கடலை மூட்டைகளைப் பத்துப் பத்தாகக் கயிற்று வளையத்தில் கட்டி விஞ்சு மிஷினால் தூக்குவார்கள். அந்தக் கட்டுக்குச் சிலிங்கு என்று பேர். அண்ணன் கீழே அறையில் மூட்டை அடுக்குகிறவன். நான் மேலே அந்த வாயின் விளிம்பில் நின்று கை காட்டுகிறவன். விஞ்சுக்காரர் உட்காரும் இடத்திலிருந்து கப்பலின் வயிறு தெரியாது. என் கையைப் பார்த்துத்தான் அவர் வேலை செய்ய வேண்டும். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து அசைத்தால் இறக்குவார். கையை மூடினால் நிறுத்துவார்.

அண்ணனுக்குக் கூலி இல்லாத வேலை ஒன்றும் இருந்தது. ஆயுத பூஜை அன்று மத்தியானம் எங்கள் செட்டு ஆட்கள் கிடங்கு முற்றத்தில் நாடகம் போடுவார்கள். ஏதாவது ராஜா கதை. ராஜா உள்ளே போய் வேஷம் மாற்றிக்கொண்டு வரும்வரை படுதாவுக்கு முன்னால் ஒருவன் தனியாக நின்று ஜனங்களைப் பிடித்து வைக்க வேண்டும். அது அண்ணன். எழுதி வைத்தது ஒன்றும் கிடையாது, அவனே கட்டுவான். மேஸ்திரி, கணக்கெழுதுகிற கிளார்க்கு, கப்பல் துரை, எல்லாரும் அவன் ஒருவனிடமிருந்தே வருவார்கள். உள்ளே மணி அடித்தால் முடிக்க வேண்டும், அடிக்காவிட்டால் இழுக்க வேண்டும். சில வருஷம் ஐந்து நிமிஷம், சில வருஷம் அரை மணி.

அந்த வருஷம் அவன் புதிதாகப் பிடித்தது துரையின் கை. கப்பல் துரை எங்களைப் பார்த்து "சும்மா இரு, உட்கார்" என்பதற்கு வாயைத் திறக்க மாட்டார். உள்ளங்கை கீழே பார்க்கக் கையை நீட்டி, நாயைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி இரண்டு முறை அசைப்பார். அண்ணனுக்கு அது சரியாக வரவில்லை. எனக்கு வந்துவிட்டது. கேட்டுக் கேட்டுச் செய்யச் சொல்லிப் பார்ப்பான்.

அன்றைக்குச் சிலிங்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே அண்ணனோடு அடுக்குகிற மற்ற இரண்டு பேரும் இருட்டான மூலையில் மூட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் வெளிச்சம் விழுகிற நடுச்சதுரத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"டேய், அந்தத் தொரை கைய ஒருவாட்டி காட்டு. எனுக்கு மணிக்கட்டு திரும்ப மாட்டேங்குது."

நான் காட்டினேன்.

விஞ்சுக்காரர் இறக்கிவிட்டார்.

அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மேஸ்திரி ஓடிவந்து கேட்டபோது என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். "அண்ணன் ஓரமா போயிட்டாரு மேஸ்திரி. போயிட்டாரேன்னுதான் கை காட்னேன். அப்பால திரும்பி நடுவுல வந்துட்டாரு." மேஸ்திரி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தெளிவா கீறவன் எவனாவது சிலிங்குக்குக் கீய வந்து நிப்பானா? காத்தாலயே ஊத்திக்கினு வந்துகிறான்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டல் எங்கே போய்க் குத்தும் என்று அப்போது யோசிக்கவில்லை. அண்ணிக்குக் குழந்தை பிறந்தபோது அண்ணன் அதன் தலையில் கையை வைத்து, இனிமேல் கள்ளோ சாராயமோ தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். மூன்று வருஷம் தொடவில்லை. பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அது பிள்ளையைத்தான் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் போன இரண்டாம் வாரம் குழந்தைக்கு இருமல் ஆரம்பித்தது. விடவேயில்லை.

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு ஒரே குடிசை, நடுவில் ஓலைத்தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் குழந்தை இருமும். இந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன். அண்ணி அடிக்குரலில் சொல்வாள்: "இருமு, நல்லா இருமு. உங்க நைனா ஊத்திக்கினது உன் நெஞ்சுல வந்து குந்திகினு கீது."

அமாவாசைக்கு அவள் காக்கைக்குச் சோறு வைக்கவில்லை. அண்ணனுடைய ஒரே நல்ல சட்டையைக் கிழித்து அடுப்படி துடைக்க வைத்துக்கொண்டாள். குழந்தை "நைனா எப்ப வரும்?" என்று கேட்டால் முதுகில் ஒன்று வைப்பாள். ஒரு முறை நான், "அண்ணி, அண்ணன் அப்பிடி செஞ்சிருக்க மாட்டாரு" என்று ஆரம்பித்தேன். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"நீதானே பக்கத்துல நின்னுகினு இருந்தே? மேஸ்திரி கேக்கசொல்லோ தலைய ஆட்னியா இல்லியா?"

"ஆட்னேன்."

"அப்ப மூடிக்கினு துன்னு."

தின்றேன். அவள் போட்ட சோறுதான்.

புரட்டாசி பிறந்ததும் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். "உங்கண்ணன் எடத்துல நீதான் நிக்கணும். அவன் ரத்தம், உனுக்கு வராதா? ஆனா ஒண்ணு. ஆபீஸ்காரங்க வருவாங்க. செத்தது கெட்டது எதுவும் பேசக் கூடாது. சிரிப்பு மட்டும்தான்." முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று பயமாக இருந்தது.

நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவன் வண்ணாரப்பேட்டையில் தையல் மிஷின் போட்டிருந்த ஒரு பாய். என் வயதுதான், என் தோஸ்து. அவன் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தோம். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுதி வைத்துப் படிக்கிற பழக்கம் இல்லை. ஆர்மோனியப் பெட்டியின் மூடியைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, அதுதான் கப்பல் வாய் என்று வைத்துக்கொண்டோம். அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஆளுக்கு ஆள் மாறிப் பேசிப் பார்ப்பேன். நன்றாக வந்தால் பாய் ஒரு கட்டையை அமுக்குவான். வராவிட்டால் ஊசியில் நூல் கோர்க்கப் போய்விடுவான்.

முதல் ஞாயிறு முழுக்க அவன் நூல்தான் கோர்த்தான்.

"இன்னா பாய், நல்லால்லியா?"

"நல்லாத்தான் கீது. எல்லாம் உங்கண்ணன் மாரியே கீது. மேஸ்திரிக்கு அதே இருமலு, கிளார்க்குக்கு அதே நொண்டல். அவன் பண்ணத எல்லாரும் பாத்துட்டாங்களே மாமு. நீ இன்னா கொண்டாந்தே?"

நான் கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவன் வாயை அடைக்க விளையாட்டாகச் செய்தது. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கன்னத்தை உப்பி, மூட்டையாக நின்றேன். "நான் யாரு தெர்தா? வேர்க்கடலை மூட்டை. சீமைக்குப் போறேன். நான் கெளம்பசொல்லோ பத்து பேரு தூக்கிகினு ஓட்றாங்க, துரை வந்து தடவிப் பாக்கறாரு. நீ கெளம்பசொல்லோ? ஹார்பர் கேட்டாண்ட மடிய அவுத்து ஒதறிக் காட்டிட்டு, குனிஞ்சிகினு போவணும். நான் ஒருத்தன் உன் மடியில வந்துட்டேனான்னு தேடறாங்கோ. எம்மாம் மவுசு பாத்தியா எனுக்கு!"

பாய் சிரித்துக்கொண்டே மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினான். "இது உன்து. இத வுடாதே."

பிறகு வேகமாக வளர்ந்தது. குடையால் மூட்டையைக் குத்தி எண்ணுகிற மேஸ்திரி வந்தார். காதில் பென்சிலை வைத்துக்கொண்டு பென்சில் தேடுகிற கிளார்க்கு வந்தார். கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டும் விஞ்சுக்காரர் வந்தார். மூட்டை எல்லாரையும் கிண்டல் செய்தது. மூன்றாவது ஞாயிறு பாய் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அது சரி, விஞ்சுக்காரரு கழுத்த நீட்டி நீட்டி யாரப் பாக்கறாரு?"

"கை காட்றவனை."

"அவன் எங்க? எல்லாப் பயலும் வந்துட்டான், அவன் மட்டும் வரல. உன் வேலை தானே மாமு அது? உனுக்கு அதுதானே சுளுவா வரும்?"

மூடியின் விளிம்பில் போய் நின்றேன். கையை எடுத்தேன். அது தோளுக்கு மேலே போகவில்லை. "நானா நிக்க வரல பாய்" என்றேன்.

"நீயா நிக்காதே. மூட்டையா நில்லு. மேல தொங்குது இல்ல, அது சொல்லட்டும் அவன் எப்பிடி நிக்கறான்னு."

மூட்டையாக நின்றேன். கண்ணை மூடித் தொங்குகிற மாதிரி லேசாக ஆடினேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. விஞ்சுக்காரருக்கு என் கை மட்டும் தெரியும். மூலையில் இருந்தவர்களுக்கு விழுந்த சிலிங்கு மட்டும் தெரியும். மேலே தொங்கின மூட்டைக்கு இரண்டும் தெரியும். கையும் தெரியும், கீழே நின்ற அண்ணனும் தெரியும். வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. மூட்டை எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது கடைக்குள் ஆர்மோனியத்தின் காற்று மட்டும் புஸ் என்று இறங்கிக்கொண்டிருந்தது. பாய் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தான்.

பிறகு கேட்டான், "உங்கண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மேடையில இதச் சொல்லுவியா?"

"வோணாம் பாய். சத்தியமா வோணாம்."

"அப்ப மூட்டைய எடுத்துடு. எல்லாம் தெரிஞ்சிகினு அது சும்மா கிண்டல் பண்ணிகினு தொங்குனா, எனுக்கு வாசிக்க வராது."

மூட்டையை எடுத்துவிட்டோம். மிச்சம் இருந்தது மேஸ்திரியும் கிளார்க்கும் விஞ்சுக்காரரும்தான். சொல்லிப் பார்த்தால் பத்து நிமிஷம் வந்தது. போதும் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

ஆயுத பூஜை அன்று கிடங்கு முற்றத்தில் கொக்கி, கயிறு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. மூட்டைகளை அடுக்கிப் பலகை போட்டு மேடை, பின்னால் தார்ப்பாய்ப் படுதா. மத்தியான வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. முன்வரிசையில் நாற்காலியில் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர், பக்கத்தில் மேஸ்திரி, தரையில் விஞ்சுக்காரர். பெண்கள் வலப்பக்கம் கிடங்கு நிழலில். அண்ணி வரமாட்டாள் என்றுதான் இருந்தேன். குழந்தை பொரிக்காக அழுதிருக்கிறது, வந்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராஜா உள்ளே போனார். பாய் ஆரம்பித்தான். நான் வந்தேன்.

மேஸ்திரியின் குடைக்கே கிடங்கு அதிர்ந்தது. மேஸ்திரியும் சிரித்தார். "அய்ய, அண்ணன் எயிந்து வந்த மாரி கீறானே!" என்று யாரோ கத்தினார்கள். பென்சில் வந்தது, கழுத்து வந்தது. பத்து நிமிஷம் முடிந்தது. நான் மணிக்காகக் காத்தேன். மணி அடிக்கவில்லை. படுதாவை ஒட்டி நின்று மெதுவாக, "ரெடியா?" என்றேன்.

"ராஜா கச்சை அறுந்துட்ச்சி, தெச்சிகினு கீறோம். இன்னும் கொஞ்சம் இஸ்து வுடு!"

பென்சிலை மறுபடியும் தேடினேன். சிரிப்புக் குறைந்தது. மறுபடியும் கழுத்தை நீட்டினேன். "பாத்தாச்சி, பாத்தாச்சி! வேற எதுனா கீதா?" என்றான் ஒருவன். என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. பாய் ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

அந்த ஒற்றைச் சுரத்துக்கு நடுவில் குழந்தை இருமியது. பொரி தொண்டையில் சிக்கினதோ என்னவோ, விடாமல் இருமியது. அண்ணி அதன் முதுகைத் தட்டினாள். வாய் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டியதில்லை.

கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டேன். கன்னத்தை உப்பினேன்.

"நான் வேர்க்கடலை மூட்டை" என்றேன்.

சீமையும் மடியும் கேட்டு மறுபடியும் சிரித்தார்கள். பாய் மட்டும் வாசிக்கவில்லை. நான் ஆடிக்கொண்டே சொன்னேன்: "இப்ப மேல தொங்கிகினு கீறேன். கொக்கிய நம்பி. எனுக்கு மேல இருந்து பாத்தா எல்லாம் தெர்து. அதோ விஞ்சுக்காரரு, கைய பாத்துகினு கீறாரு. நல்ல மனுசன், கை சொல்றதுதான் செய்வாரு. கீய ஒருத்தன் நிக்கறான். நடுவுல நிக்கறான். அவன் ஓரமா போவல. போவவே இல்ல. அவன் வாயில நாத்தம் இல்ல, காலு தள்ளாடல. வெறும் கஞ்சி குட்ச்சிட்டு வந்தவன். நாடகத்துக்கு ஒரு கை பயகிகினு கீறான். தம்பிய கூப்ட்றான். தொரை கைய காட்டுடான்னு."

"ஏய்" என்றார் மேஸ்திரி.

கையை நீட்டினேன். இப்போது அது தோளுக்கு மேலே போனது. உள்ளங்கையைக் கீழே வைத்து, இரண்டு முறை அசைத்தேன்.

விஞ்சுக்காரர் தரையிலிருந்து எழுந்துவிட்டார். "இந்தக் கைதான்" என்றார். யாரிடமும் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "இந்தக் கைய பாத்துதான் வுட்டேன்."

"ஆமாங்க" என்றேன். மூட்டை எப்போது போனதோ தெரியாது, நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். "நீங்க செஞ்சது சரி. நான் வெளையாட்டா காட்னேன். அப்பால எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். எங்கண்ணன் குடிக்கல. சிலிங்குக்குக் கீய அவரா வரல."

"படுதாவத் தொற! ராஜாவ வரச் சொல்லு!" மேஸ்திரி குடையை ஆட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். உள்ளே மணி அடித்தது. ராஜா பாதிக் கச்சையோடு வந்து நின்றார். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை.

நான் மேடையின் பக்கவாட்டில் இறங்கினேன். பெண்கள் விலகினார்கள். அண்ணி எழுந்து நின்றிருந்தாள், குழந்தை இடுப்பில்.

"அன்னிக்குக் குடிக்கலியா?"

"இல்ல அண்ணி."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டு கூட இல்ல. கொயந்த மேல..." என்று கையைத் தூக்கினேன், சத்தியம் செய்ய.

அவள் குழந்தையைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அந்தக் கைய எம் புள்ள மேல வெக்காதே."

நான் கையை இறக்கினேன். அவள் நம்பிவிட்டாள் என்று அதிலேயே தெரிந்தது. அழவில்லை. குழந்தையின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் நடந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் மேஸ்திரி என்னைச் செட்டில் சேர்க்கவில்லை. ஆபீஸ்காரர் எதிரில் மானத்தை வாங்கிவிட்டேன் என்றார். நான் கரி யார்டில் கூடை சுமக்கப் போனேன். பாய் கடையில் படுத்துக்கொண்டேன். குடிசைக்கு வராதே என்று அண்ணி சொல்லவில்லை. ஆனால் என் துணிகளை மடித்துப் பாயின் கடைப்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஐப்பசி அமாவாசைக்கு முன் ஒரு காலை, பாய் கடைப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வராததால் எங்கள் பழைய தெருக் குழாயடியில் வாளியோடு நின்றேன். எனக்கு எட்டு ஆள் முன்னால் அண்ணி நின்றாள். வரிசையில் இடிபட்ட ஒருத்தி, "குடிகாரன் பொண்டாட்டிக்கு ரோசத்தப் பாரு" என்றாள். அண்ணி குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"யாருடி குடிகாரன்? எம் புருசன் எங்கொயந்த தலையில அட்ச்ச சத்தியத்த சாவுற வரிக்கும் காப்பாத்னவன். காத்தால நான் ஊத்துன கஞ்சியத்தான் குட்ச்சிட்டுப் போனான். கை காட்டி கொன்னது அவன் தம்பி. தோ, அங்க வாளியோட நிக்கறான் பாரு, அவன்தான். போய்க் கேளு. கேட்டுட்டு வந்து என்னாண்ட பேசு."

தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பெண்பிள்ளையும் பார்த்தாள். "இன்னாப்பா, நெஜமா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அண்ணி குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். நான் வரிசையை விட்டுப் போகவில்லை. என் முறை வந்தபோது தண்ணீர் சின்னதாகத்தான் விழுந்தது. வாளி நிறைய வெகுநேரம் ஆனது.